சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி வேண்டாம்

கேள்வி:

அக்கா, நாங்கள் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. கணவர் வேலை விஷயமாக மாதத்தில் பத்து நாள் வெளியூர் போய்விடுவார், வீட்டில் நானும் ஆறு வயதுப் பையனும்தான். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கடைக்குப் போனேன். “உங்கள் கைக்கு இதுதான் சரி” என்று உள்ளங்கை அளவில் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் மேல்பாகத்தை, ஸ்லைடு என்கிறார்களே, அதை என்னால் பின்னால் இழுக்கவே முடியவில்லை, எல்லோரும் பார்க்க ஒரே வெட்கமாகப் போய்விட்டது. அப்படியென்றால் ரிவால்வர் வாங்குங்கள் என்கிறார்கள். கணவரோ வாங்கினால் பெரிய தோட்டா போடுகிற .45தான் என்கிறார். 600 டாலர் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது?

பதில்:

முதலில் அந்த ஸ்லைடு விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள என்னிடம் முதல் வகுப்புக்கு வரும் பெண்களில் பலரும் இதே கதையோடுதான் வருகிறார்கள். கடையில் கொடுத்தது உள்ளங்கை அளவு, இழுக்க முடியவில்லை, வெட்கம். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அந்த அளவில் இருக்கிற துப்பாக்கிகள் பெரும்பாலும் இழுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் டிரிக்கரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு. குண்டு போகிற வேகத்திலேயே மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் வந்து வெற்றுக்கூட்டை வெளியே எறியும், பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா, சுடப்படும் இடமான சேம்பருக்குள் ஏறும். முதல் தோட்டாவுக்கு மட்டும் ஸ்லைடை நாம்தான் கையால் இழுக்க வேண்டும். பெரிய துப்பாக்கியில் ஸ்லைடு கனமாக இருப்பதால் அந்தக் கனமே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஸ்பிரிங் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் போதும். அதே தோட்டாவை, 9 எம்.எம். அளவு என்று வையுங்கள், போட்டுக்கொண்டு ஸ்லைடை மட்டும் குட்டையாக்கி எடையைக் குறைத்தால் ஸ்பிரிங்கை இறுக்காமல் முடியாது. ஆக, சின்னதாக இருக்கிறதே, சுலபமாக வரும் என்று நாம் நினைப்பது, அங்கே நேர் தலைகீழ்.

இழுப்பதோடு தொல்லை முடிவதில்லை. க்ளாக் 19 என்கிற நடுத்தர அளவுப் பிஸ்டல் காலி மேகசினோடு சுமார் 670 கிராம். சிக் சாவர் கம்பெனியின் குட்டிப் பிஸ்டல் பி365 சுமார் 500 கிராம். இரண்டிலும் போவது ஒரே தோட்டா, ஆனால் இலேசானது கையை அதிகமாக உதைக்கும். ரூகர் எல்சிபி மாதிரி 300 கிராமுக்கும் குறைவாக, .380 தோட்டா போடுகிற பாக்கெட் பிஸ்டல்கள் இன்னும் மோசம், தோட்டா சின்னதுதான், உதை மட்டும் குறையாது. பிடியும் குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது, மூன்று விரலில் தொங்கவிட்டுக்கொண்டு சுட வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலே கூடு சரியாக வெளியேறாமல் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் தூரம் குறைவு என்பதால் கையில் ஒரு சிறு ஆட்டம் கூட இலக்கில் பெரிய தவறாகத் தெரியும். இவை நாள் முழுக்க உடம்போடு ஒளித்து வைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்காக, ஏற்கெனவே நன்றாகச் சுடத் தெரிந்தவர்களுக்காகச் செய்தவை. கவுன்டரில் நிற்கிற பையன் கையின் அளவைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறான், அவ்வளவுதான்.

நானும் இதில் ஏமாந்தவள்தான். என் முதல் துப்பாக்கி அப்படி ஒரு குட்டி. முதல் நாள் இருபது தோட்டா போவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் வழண்டுவிட்டது. அதைவிடப் பெரிய சேதம் வேறு. டிரிக்கர் விடுபடப் போகிறது என்று தெரிந்த நொடியில் கண் தானாக மூடும், கை தானாகக் கீழே அழுத்தும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதைக் கழற்ற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, ஊசிக்குப் பயந்த குழந்தை மறுபடி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அழுகிற மாதிரி. முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றைத் தவிர்த்தாலே போதும் என்பேன்.

சரி, ஸ்லைடை எப்படி இழுப்பது? இழுக்காதீர்கள், தள்ளுங்கள். துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், கை நீட்டிய நிலையில் யாருக்கும் பலம் கிடையாது. இடது உள்ளங்கை ஸ்லைடின் பின்பக்க வரிகளின் மேல் ஒரு பக்கம், நான்கு விரல்களும் மறுபக்கம், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிடியில் இருக்கும் வலது கையை முன்னால் குத்துகிற மாதிரி தள்ளுங்கள். கடைசிவரை வந்ததும் ஸ்லைடை விட்டுவிடுங்கள், அது தானே முன்னால் போகட்டும், கூடவே கையால் கொண்டுபோய் விடுகிறவர்களுக்குத்தான் தோட்டா சரியாக ஏறுவதில்லை. ஜாடி மூடியைத் திறக்கிற அளவுக்குக் கையில் தெம்பு இருந்தால் இது வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, இப்படிச் செய்யும்போது குழல் இடதுபக்கம் திரும்பிவிடும், சுட்டுப் பழகும் கூடமான ரேஞ்சில் இடதுபக்கம் ஆள் நிற்பார். துப்பாக்கி எப்போதும் இலக்கைப் பார்த்திருக்க, உங்கள் உடம்பைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகும் வரவில்லை என்றால், ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி ஷீல்டு ஈஸி என்று ஒன்று இருக்கிறது. ஸ்லைடு இழுக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கென்றே செய்தது, 2018இல் .380 தோட்டாவுக்கும் பிறகு 9 எம்.எம்.முக்கும் வந்தது. எட்டுத் தோட்டா மேகசின். பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்புப் பட்டை, கை அதை முழுதாக அழுத்தினால்தான் சுடும். மூட்டுவலிக்காரர்களுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் காட்டுவது.

ரிவால்வர் விஷயம். அதில் ஸ்லைடு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்குக் காட்டப்போவது ஐந்து தோட்டா போடுகிற குட்டைக்குழல் ரிவால்வராகத்தான் இருக்கும். அதன் டிரிக்கரை அழுத்தத் தேவையான பலம் செமி ஆட்டோமேட்டிக்கில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு, உதையும் அதிகம். ஸ்லைடை இழுக்க ஒரே ஒரு முறை படுகிற கஷ்டத்தை ஒவ்வொரு குண்டுக்கும் படலாம் என்கிறார்கள். வேண்டாம்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரரின் .45. அவர் மனதில் இருப்பது அநேகமாக 1911 என்கிற மாடல். அழகான துப்பாக்கி, எனக்கும் பிடிக்கும், அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டு 1985இல் பெரெட்டாவுக்கு மாறும்வரை வைத்திருந்தது. எஃகில் ஒரு கிலோவுக்கு மேல் கனம், மேகசினில் ஏழு தோட்டா, தோட்டாவின் விலையும் 9 எம்.எம்.மைவிட நன்றாகவே அதிகம், பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவது தனிப் பாடம். 9 எம்.எம்.முக்குச் சக்தி போதாது என்று அவர் வாதாடினால், ஒரு காலத்தில் அதே காரணத்துக்காகப் பெரிய தோட்டாவுக்குப் போன எஃப்.பி.ஐ.யே 2016இல் 9 எம்.எம். க்ளாக்குக்கு ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தது என்று சொல்லுங்கள். தோட்டா தயாரிப்பு அதற்குள் முன்னேறிவிட்டது, சுடுகிறவர்கள் உதை குறைந்த தோட்டாவில் வேகமாகவும் குறிதவறாமலும் சுட்டார்கள். முதல்முறை வாங்குகிறவருக்கு நான் 9 எம்.எம். தவிர வேறு எதையும் சொல்வதில்லை.

சின்னத் தோட்டா போடுகிற .22 ரகத்தைப் பொம்மை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொம்மை இல்லை, உயிரை எடுக்கும். ஆனால் தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துப் பற்றவைக்கிற ரகம் என்பதால் அவ்வப்போது பற்றாமல் போகும், அதனால் வீட்டுப் பாதுகாப்புக்கு நம்ப மாட்டேன். கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. சத்தமும் உதையும் மிகக் குறைவு, தோட்டா பாதி விலைக்கும் கீழே. என் மாணவர்கள் முதல் ஐம்பது தோட்டாவை ரூகர் மார்க் ஃபோர் .22இல்தான் சுடுவார்கள். நீங்கள் அதை வாங்க வேண்டாம், ரேஞ்சில் வாடகைக்கு எடுங்கள்.

வாடகை என்றேன் அல்லவா, அதுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். கடையில் கையில் பிடித்துப் பார்ப்பது புடவையை மடித்த மடிப்போடு பார்ப்பது மாதிரி, சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் பக்கத்தில் வாடகைத் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளரங்க ரேஞ்சுகள் நிறைய இருக்கின்றன. சில இடங்களில் புதியவர் தனியாக வந்தால் வாடகைக்குத் தர மாட்டார்கள், கோபப்படாதீர்கள், தற்கொலைக்கென்று வருகிறவர்களைப் பார்த்துப் போட்ட விதி அது. ஒரு பயிற்சியாளரை ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொண்டு நான்கைச் சுட்டுப் பாருங்கள்: க்ளாக் 19, எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், வால்தர் பிடிபி எஃப், ஷீல்டு ஈஸி. வால்தரின் எஃப் வரிசை சின்னக் கைகளை மனதில் வைத்தே 2022இல் வந்தது, பிடி மெலிது, டிரிக்கரும் விரலுக்குப் பக்கத்தில், ஸ்லைடும் இளக்கம். எம் அண்ட் பியில் பிடியின் பின்பாகத்தைக் கழற்றி வேறு அளவு மாட்டலாம், பெட்டியிலேயே நான்கு அளவு வரும்.

பார்க்க வேண்டியது இதுதான். துப்பாக்கியின் பின்பக்கம் முன்னங்கையோடு ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்தால், ஆட்காட்டி விரலின் முதல் கணு, அதாவது கைரேகை வைக்கிற சதை, டிரிக்கரின் மேல் இயல்பாக உட்கார வேண்டும். எட்டுவதற்காகக் கையைச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்களுக்கானது இல்லை, விளம்பரத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சரி. மேகசினை விடுவிக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா பாருங்கள். ஐம்பது தோட்டா சுட்ட பிறகு இன்னும் ஐம்பது சுடத் தோன்றுகிறதா, எப்போது முடியும் என்று இருக்கிறதா? அந்தப் பதிலை நம்புங்கள். நான் பந்தயம் கட்டச் சொன்னால் உங்களுக்கு வால்தர் அல்லது எம் அண்ட் பி என்பேன், ஆனால் உங்கள் கையை நான் பார்த்ததில்லை.

இந்த நான்கில் க்ளாக்கைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று. சுத்தம் செய்யப் பிரிக்கும்போது அதன் டிரிக்கரை அழுத்தித்தான் ஆக வேண்டும், எம் அண்ட் பியில் அது இல்லாமலே பிரிக்க வழி உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் வீட்டுக்குள் “தவறுதலாகச் சுட்டுவிட்டது” என்று கேள்விப்படுகிற கதைகளில் பல ஒரே மாதிரிதான் இருக்கும். மேகசினை எடுத்துவிட்டேன், காலி என்று நினைத்தேன். மேகசினை எடுத்தாலும் சேம்பரில் ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். முதலில் ஸ்லைடை இழுத்து, பிறகு மேகசினை எடுத்தீர்கள் என்றால் இன்னும் விபரீதம், இழுத்தபோது ஒன்று வெளியே விழும், விட்டபோது மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறும், தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்து நிம்மதியாகக் காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். வரிசை மாறவே கூடாது: மேகசினை எடு, ஸ்லைடை மூன்று முறை இழு, பின்னால் பூட்டி நிறுத்து, கண்ணால் பார், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். நான் இதைச் சமையலறை கேஸை அணைத்துவிட்டேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிற ஆள் மாதிரி செய்வேன், வகுப்பில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லித் தருவார்கள்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே கருது, அழிக்க விரும்பாத எதையும் குழல் பார்க்கக் கூடாது, குறிபார்க்கும்வரை டிரிக்கரில் விரல் கூடாது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். கடைசி விதி உங்கள் வீட்டில் மிக முக்கியம், இங்கே உள்சுவர்கள் வெறும் ஜிப்சம் பலகை, தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு போகும், பையன் எந்த அறையில் தூங்குகிறான்?

பையனைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. அலமாரியின் மேல் தட்டு, புடவைக்கு அடியில், தலையணைக்குக் கீழே, இதெல்லாம் இடமே இல்லை, ஆறு வயதுப் பையனுக்குத் தெரியாத இடம் வீட்டில் கிடையாது, மிட்டாய் ஒளித்து வைத்துப் பார்த்தால் தெரியும். பொத்தான் குறியீட்டில் திறக்கிற, இருட்டிலும் தடவித் திறக்க முடிகிற சின்ன எஃகுப் பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலோ அலமாரிக்குள்ளோ திருகாணி போட்டு இறுக்குங்கள். துப்பாக்கியோடு கடைக்காரர் கொடுக்கிற கம்பிப் பூட்டு சட்டத்துக்காகக் கொடுப்பது, அது போதாது. டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக வைத்திருந்து, பிள்ளை அதை எடுத்துவிட்டாலே குற்றம். பெட்டியின் குறியீடு உங்களுக்கும் கணவருக்கும் மட்டும், பிறந்த தேதி வேண்டாம். இன்னொன்று, வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிற காலம் என்றால் வாங்குவதையே தள்ளிப்போடுங்கள், ஏற்கெனவே இருந்தால் வீட்டைவிட்டு வெளியே நம்பிக்கையான இடத்தில் வையுங்கள்.

இந்தச் செலவுகளைச் சேர்த்தால் 600 போதாது. நான் சொன்னவற்றில் ஒன்றைப் புதிதாக வாங்கினால் அந்தப் பணம் அநேகமாகத் துப்பாக்கிக்கே சரியாகப் போய்விடும். பெட்டி, காதுக் கவசம், கண்ணாடி, பயிற்சி, முதல் சில நூறு தோட்டா எல்லாம் தனி. பணம் இல்லையென்றால் துப்பாக்கியில் குறையுங்கள், பெட்டியிலும் பயிற்சியிலும் குறைக்காதீர்கள். போலீஸ் துறைகள் மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய க்ளாக்குகள் நல்ல விலைக்குக் கிடைக்கும், வெளியே உறையில் உரசித் தேய்ந்திருக்கும், உள்ளே பெரும்பாலும் அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள்.

காகித வேலை உங்களுக்குப் பெரிதில்லை. 21 வயதைத் தாண்டி, கிரீன் கார்டும் இப்போதைய முகவரி உள்ள டெக்சஸ் ஓட்டுநர் உரிமமும் இருந்தால், துப்பாக்கி வாங்குவதற்கான ஃபெடரல் படிவமான 4473ஐ நிரப்பி, கடைக்காரர் பின்னணிச் சோதனை செய்து, பெரும்பாலும் அன்றே கொடுத்துவிடுவார். படிவத்தில் உங்கள் ஏலியன் எண்ணைக் கேட்பார்கள், கார்டைக் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் பணத்தில் உங்களுக்கான துப்பாக்கியைக் கணவர் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டாம், உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று அந்தப் படிவம் கேட்கிறது, அதில் பொய் சொல்வது ஃபெடரல் குற்றம். நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்1பி, ஹெச்4, விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. ஊரிலிருந்து வந்த அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் இரண்டு குண்டு சுடவைத்து வீடியோ எடுக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெளியே எடுத்துப்போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாங்கியதும் யாராவது ஆரம்பிப்பார்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் உரிமம் இல்லாமலே எடுத்துப்போகலாம் என்பது சரிதான். ஆனால் பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்கு ஃபெடரல் சட்டம் வேறு, அங்கே மாநில உரிமம் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. பையனைப் பள்ளியில் விடுகிற அம்மா காரில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு போவதானால் உரிமம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். முதல் வருடம் அது வீட்டிலும் ரேஞ்சிலும் இருந்தால் போதும்.

ரேஞ்சுக்கு வரும் நாள் கழுத்து மூடிய சட்டை, மூடிய ஷூ. சுட்ட கூடு நெருப்பாய் வெளியே தெறிக்கும், கழுத்துக்குள் விழுந்தால் துள்ளுவீர்கள், துள்ளும்போது குழல் எங்கே திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானை மேல்வரை போடுங்கள், துப்பட்டா வேண்டவே வேண்டாம். உள்ளரங்கம் என்றால் காதுக்குள் நுரைப்பஞ்சுத் தக்கையும் மேலே கவசமும் இரண்டும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டுப் பிறகு பையனைத் தூக்குங்கள், துப்பாக்கி மருந்துப் புகையில் ஈயம் இருக்கும்.

அந்தப் பை! ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை வேறு எதற்கும் தொடாதீர்கள். என் மாணவர் ஒருவர் அதையே கைப்பையாக எடுத்துக்கொண்டு இந்தியா போனார். தையல் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா, திரும்பி வரும்போது விமான நிலையச் சோதனையில் மாட்டி, விமானம் போய், வக்கீல் வைத்து, விடுப்பெல்லாம் கரைந்து வந்து சேர்ந்தார். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் அதை ஊருக்கு எடுத்துப்போக நினைக்கவே மாட்டார்கள்.